கீபோர்டிலிருந்து பிரின்டர் வரை: எதைப் பார்த்து வாங்குவது, எப்படி அமைப்பது

கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் பிராசஸர் என்ன, ரேம் எவ்வளவு, எஸ்எஸ்டி எவ்வளவு என்று நாலு பேரிடம் விசாரித்துவிட்டு, கீபோர்டு, மவுஸ், மானிட்டர், பிரின்டர் என்று வரும்போது மட்டும் "ஏதாவது ஒன்று கொடுங்கள்" என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. பிராசஸரை யாரும் தொடுவதில்லை, பார்ப்பதும் இல்லை. நாள் முழுக்க விரல் படுவது கீபோர்டில், கண் பதிவது திரையில், கடைசியில் அடுத்தவர் கைக்குப் போவது பிரின்டரிலிருந்து வரும் தாள். கணக்கில் தப்பு நுழைவதும் கழுத்து வலி வருவதும் இந்த இடங்களில்தான். கையில் இருக்கும் பணம் குறைவு என்றால் பிராசஸரில் ஒரு படி இறங்குங்கள், இவற்றில் இறங்காதீர்கள் என்பதுதான் நான் சொல்லும் முதல் யோசனை.

கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்துக்கொண்டு, உங்கள் வேலையில் வரும் ஒரே ஒரு உருப்படியை, அது ஒரு பில்லாகவோ ஒரு விண்ணப்பமாகவோ ஒரு கட்டுரையாகவோ இருக்கட்டும், ஆரம்பத்திலிருந்து கடைசி வரை பின்தொடர்ந்து எழுதிப் பாருங்கள். அது எந்த வடிவில் வருகிறது, கையெழுத்துத் தாளா, பார்கோடா, குரலா? யார் கையால் உள்ளே போகிறது? அதில் எழுத்து அதிகமா, எண் அதிகமா? முடிவை யார் பார்க்கிறார், எவ்வளவு தூரத்திலிருந்து, திரையிலா தாளிலா? இதை எழுதி முடித்தாலே பாதி முடிவு தானாகக் கிடைத்துவிடும். எண் அதிகம் என்றால் வலப்பக்க எண் பலகை இல்லாத சின்ன கீபோர்டு உங்களுக்கு ஆகாது. கார்பன் நகல் வேண்டும் என்றால் லேசர் பிரின்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பயனில்லை.

கீபோர்டு

சாதாரண விலையில் கிடைப்பவை பெரும்பாலும் மெம்ப்ரேன் வகை. கீகளுக்கு அடியில் ரப்பர் குமிழ்கள், அதற்குக் கீழே மின்தடம் அச்சிட்ட பிளாஸ்டிக் தாள்கள். கீ பதிவாக வேண்டும் என்றால் கிட்டத்தட்ட அடி வரை அழுத்த வேண்டும். மெக்கானிக்கல் வகையில் ஒவ்வொரு கீக்கும் தனி சுவிட்ச். வழக்கமான சுவிட்சில் கீ மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும், சுமார் 2 மில்லிமீட்டரிலேயே பதிவாகிவிடும். விரல் அடியில் போய் மோத வேண்டியதில்லை என்பதால் நாள் முழுக்கத் தட்டுபவர்களுக்கு வித்தியாசம் நன்றாகவே தெரியும். வாங்கும்போது நிறம் கேட்பார்கள்: நீலம் என்றால் டிக் டிக் என்று சத்தம் வரும், பழுப்பில் சத்தம் குறைவு ஆனால் பதிவாகும் இடம் விரலுக்குத் தெரியும், சிவப்பு வழுவழுவென்று இறங்கும். பக்கத்தில் வேறு ஆள் உட்கார்ந்திருக்கிறார், அல்லது நீங்கள் அடிக்கடி போனில் பேசிக்கொண்டே தட்டுகிறீர்கள் என்றால் நீலம் வேண்டாம், மைக்கில் அத்தனையும் கேட்கும்.

கடையிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. நோட்பேடைத் திறந்து, இரண்டு ஷிப்ட் கீகளையும் ஒன்றாக அழுத்திப் பிடித்துக்கொண்டே ஆங்கில எழுத்துகளை வரிசையாகத் தட்டிப் பாருங்கள் (ஷிப்டைப் பிடிக்கப் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால் சுலபம்). நிறைய மெம்ப்ரேன் கீபோர்டுகளில் நடுநடுவே எழுத்துகள் காணாமல் போகும். உள்ளே கீகள் ஒரு வலைக்கட்டத்தில் இணைக்கப்பட்டிருப்பதால், சில கீகளைச் சேர்த்து அழுத்தும்போது எது அழுத்தப்பட்டது என்று கீபோர்டுக்குப் பிரித்துப் பார்க்க முடியாமல் அதை விட்டுவிடுகிறது. மெதுவாகத் தட்டுபவருக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. வேகமாகத் தட்டுகிறவர்கள் ஒரு விரலை எடுப்பதற்குள் அடுத்த விரலை வைத்துவிடுவார்கள், அவர்களுக்குத்தான் எழுத்து விடுபட்டுப் போகும், தன் கையில்தான் கோளாறு என்றும் நினைத்துக்கொள்வார்கள்.

தமிழில் தட்டச்சு செய்ய தமிழ் எழுத்து அச்சிட்ட கீபோர்டு தேவையில்லை, எழுத்து வரிசையை முடிவு செய்வது மென்பொருள். 1999-இல் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 இப்போது விண்டோஸிலேயே இருக்கிறது. ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து அடித்துப் பழகியவர்கள் மாறத் தயங்குவார்கள், ஆனால் நிறைய எழுதுபவர் என்றால் மாறிவிடுங்கள் என்றுதான் சொல்வேன். "அம்மா" என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு, நடுவில் வரும் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். பழகும் வரைக்கும் வரிசைப் படத்தை மானிட்டருக்குக் கீழே ஒட்டி வையுங்கள். கீகளில் ஸ்டிக்கர் ஒட்டினால் கண் கீழேயே போய்க்கொண்டிருக்கும், பழக்கம் வராது. எப்-பிலும் ஜே-யிலும் இருக்கும் சின்ன மேடு ஆள்காட்டி விரல்களுக்கு, எண் பலகையில் 5-இல் இருக்கும் மேடு நடுவிரலுக்கு. பார்க்காமல் கையை வைக்கத்தான் அவை இருக்கின்றன.

வாங்கி வந்ததும் செய்ய வேண்டியவை இரண்டு. ஷிப்டை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால் விண்டோஸில் ஸ்டிக்கி கீஸ் (ஷிப்ட் மாதிரியான கீகளைப் பிடித்துக்கொண்டிருக்காமல் ஒவ்வொன்றாகத் தட்ட உதவும் வசதி) பெட்டி வந்து நிற்கும். அந்த வசதி உங்களுக்குத் தேவையில்லை என்றால் அந்தக் குறுக்குவழியை அணைத்துவிடுங்கள், வேகமாகப் பதியும்போது வேலையை நிறுத்தாது. அப்புறம் கீபோர்டின் பின்பக்கக் கால்களை மடக்கிவிடுங்கள். அவை நின்றால் மணிக்கட்டு மேல்நோக்கி வளையும், மாலைக்குள் வலி தெரியும். முழங்கை ஏறக்குறைய செங்கோணத்தில், மணிக்கட்டு நேராக இருக்கும்படி நாற்காலியை உயர்த்துங்கள்.

மவுஸ்

டக்ளஸ் எங்கல்பார்ட்டின் குழு 1964-இல் செய்த முதல் மவுஸ் ஒரு மரப்பெட்டி, அடியில் இரண்டு சக்கரங்கள். இப்போதைய மவுஸின் அடியில் ஒரு சின்னக் கேமரா மாதிரியான சென்சார் இருக்கிறது. நொடிக்கு ஆயிரக்கணக்கில் மேசைப் பரப்பைப் படமெடுத்து, முந்தைய படத்தோடு ஒப்பிட்டு எந்தப் பக்கம் நகர்ந்தது என்று கணக்கிடுகிறது. கண்ணாடி மேசையில் மவுஸ் தாவுவதற்குக் காரணம் இதுதான், ஒப்பிடுவதற்குப் பரப்பில் ஒன்றும் இல்லை. ஒரு சாதாரண மவுஸ்பேட் போதும்.

பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் டிபிஐ எண்ணை (மவுஸ் ஒரு இன்ச் நகர்ந்தால் எத்தனை புள்ளியாகக் கணக்கிடும் என்பதை) பார்த்து மயங்க வேண்டாம், அலுவலக வேலைக்கு 800 முதல் 1600 தாராளம். கையின் அளவுக்குப் பொருந்துகிறதா என்பதுதான் முக்கியம், உள்ளங்கை அதன் மேல் சும்மா சாய்ந்திருக்க வேண்டும். படம் வரைபவர், துல்லியமாக ஓரங்களைப் பிடிப்பவர் என்றால் விண்டோஸ் மவுஸ் அமைப்பில் 'என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்' என்ற டிக்கை எடுத்துவிட்டுப் பாருங்கள். அது இருக்கும்போது கையை எவ்வளவு வேகமாக நகர்த்துகிறீர்கள் என்பதைப் பொறுத்து கர்சர் போகும் தூரம் மாறிக்கொண்டே இருக்கும்.

வயர்லெஸ் மவுஸ் விட்டு விட்டு நகர்கிறது, கீபோர்டில் எழுத்து தாமதமாக வருகிறது என்றால் பலரும் உடனே பேட்டரியை மாற்றுவார்கள். மாற்றியும் சரியாகவில்லையா? டாங்கிள் (மவுஸோடு வரும், யூஎஸ்பி-யில் செருகும் சின்ன ரிசீவர்) எந்த போர்ட்டில் இருக்கிறது, அதன் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். யூஎஸ்பி 3.0 போர்ட்டிலும் அதில் செருகிய ஹார்டு டிஸ்க்கின் கேபிளிலும் தரவு ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் ரேடியோ இரைச்சல் எழும். வயர்லெஸ் டாங்கிளும் அதே அலைவரிசையில்தான் பேசுகிறது. கோப்பு நகலெடுக்கும்போது மட்டும் மவுஸ் திணறினால் சந்தேகமே வேண்டாம், காரணம் இதுதான். டாங்கிளை எதிர்ப்பக்கத்திலுள்ள யூஎஸ்பி 2.0 போர்ட்டுக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு டாங்கிளை மேசைமேல் கொண்டுவந்து வையுங்கள்.

தட்டாமலே உள்ளே கொண்டுவருவது

ஒரு எண்ணைக் கையால் தட்டும் ஒவ்வொரு முறையும் தப்பு வர வாய்ப்பு இருக்கிறது. ஏற்கெனவே அச்சில் பார்கோடாக இருக்கும் எண்ணை யாரும் பார்த்துப் பார்த்துத் தட்டக் கூடாது. பொருட்களின் மேல் இருக்கும் 13 இலக்க பார்கோடில் கடைசி இலக்கம் மற்ற 12-இலிருந்து கணக்கிடப்பட்டது, ஒரு இலக்கத்தைத் தப்பாகப் படித்தால் கணக்கு உதைக்கும், ரீடர் அதை ஏற்காது. கையால் தட்டும்போது இந்தக் காவல் பெரும்பாலும் இருப்பதில்லை.

பார்கோடு ரீடர் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது, கம்ப்யூட்டரின் பார்வையில் அதுவும் ஒரு கீபோர்டுதான். படித்த எண்ணைத் தட்டியது மாதிரியே அனுப்பும், எனவே கர்சர் எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ அங்கேதான் எழுத்து விழும். தமிழ் எழுத்து வரிசையை ஆன் செய்து வைத்துவிட்டு, எழுத்தும் எண்ணும் கலந்த கோடு ஒன்றைப் படித்தீர்கள் என்றால் எண்கள் சரியாக இருக்கும், எழுத்துகள் மட்டும் தமிழாகவோ வேறு குறிகளாகவோ வந்து நிற்கும். ரீடர் பழுது என்று திருப்பி அனுப்புவதற்கு முன் ஆங்கில வரிசைக்கு மாற்றிப் பாருங்கள், கேப்ஸ் லாக் ஆனில் இருக்கிறதா என்றும் பாருங்கள். படித்து முடித்ததும் என்டர் அனுப்ப வேண்டுமா, டேப் அனுப்ப வேண்டுமா என்பதை ரீடரோடு வரும் கையேட்டிலுள்ள பார்கோடுகளைப் படிக்க வைத்தே மாற்றலாம். எக்செல்லில் பக்கவாட்டில் நகர வேண்டும் என்றால் டேப். க்யூஆர் கோடும் படிக்க வேண்டும், போன் திரையில் காட்டுவதையும் படிக்க வேண்டும் என்றால் லேசர் வகை வேண்டாம், கேமரா சென்சார் உள்ள 2டி வகையைக் கேட்டு வாங்குங்கள்.

தாளை ஸ்கேன் செய்யும்போது எழுத்துக்கு 300 டிபிஐ (இன்ச்சுக்கு 300 புள்ளி) போதும், எழுத்துணரி மென்பொருளுக்கும் அது நன்றாகவே ஒத்துவரும். ஏ4 தாள் 300-இல் 2480-க்கு 3508 பிக்சல், முழு வண்ணத்தில் சுருக்குவதற்கு முன் சுமார் 26 எம்பி. 600-க்குப் போனால் அது நான்கு மடங்கு, எழுத்து நான்கு மடங்கு தெளிவாகிவிடாது. சின்ன போட்டோவைப் பெரிதாக்க வேண்டும் என்றால் மட்டும் 600. 'கருப்பு வெள்ளை' என்ற தேர்வு பென்சில் எழுத்தையும் மங்கிய முத்திரையையும் அப்படியே விழுங்கிவிடும், 'கிரேஸ்கேல்' வையுங்கள். பெட்டியில் பெரிய டிபிஐ எண் இரண்டு இருந்தால் 'ஆப்டிகல்' என்று போட்டிருப்பதை மட்டும் கணக்கில் எடுங்கள், மற்றது மென்பொருள் இட்டு நிரப்புவது.

ஒல்லியான ஸ்கேனர்களில் பெரும்பாலும் இருப்பது சிஐஎஸ் சென்சார். கண்ணாடியோடு ஒட்டியிருக்கும் தாளை நன்றாக எடுக்கும், ஆனால் தடித்த புத்தகத்தை விரித்து வைத்தால் நடுமடிப்பில் எழுத்து மங்கிப்போகும். பழைய புத்தகங்கள்தான் உங்கள் வேலை என்றால் லென்ஸ் வழியாகப் படமெடுக்கும் சிசிடி வகையைத் தேடுங்கள். அடுக்கி வைத்த தாள்களைத் தானாக இழுக்கும் ஸ்கேனரில் எல்லாப் பக்கத்திலும் மேலிருந்து கீழ் வரை ஒரே இடத்தில் மெல்லிய கோடு வருகிறது, அதே தாளைக் கண்ணாடியில் வைத்து எடுத்தால் வரவில்லை என்றால், பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு விரல் அகலக் கண்ணாடிப் பட்டை இருக்கும், அதில் ஒரு பொட்டுத் தூசியோ ஒயிட்னரோ ஒட்டியிருக்கும். தாள் நகர்கிறது, அந்தப் பொட்டு நகரவில்லை, அதனால் அது கோடாக நீள்கிறது. லேசாக ஈரமான மெல்லிய துணியால் துடைத்தால் போய்விடும்.

மைக்குக்கு ஒரே விதி, வாய்க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். லேப்டாப்பின் உள்மைக்கைவிடச் சாதாரண ஹெட்செட் நல்லது. வெப்கேமில் முகம் இருட்டாகத் தெரிந்தால் கேமராவை மாற்றாதீர்கள், ஜன்னல் முதுகுக்குப் பின்னால் வராமல் நாற்காலியைத் திருப்புங்கள்.

திரை

மானிட்டரில் பலரும் இன்ச்சைப் பார்ப்பார்கள், பார்க்க வேண்டியது ஒரு இன்ச்சுக்கு எத்தனை பிக்சல் என்பதை. 1920-க்கு 1080 பிக்சல் உள்ள புல் எச்டி 24 இன்ச்சில் இன்ச்சுக்கு சுமார் 92, அதே புல் எச்டி 27 இன்ச்சில் 82-க்கு இறங்கிவிடும். தமிழில் படிப்பவர்களுக்கு இது பெரிய விஷயம். புள்ளியும் கொம்பும் சுழியும் ஒரு சில பிக்சல்களில் அடங்கியாக வேண்டும், பிக்சல் பெரிதானால் ன-வும் ண-வும் ஒன்றோடொன்று குழம்பும். 27 இன்ச் வேண்டும் என்றால் 2560-க்கு 1440 எடுங்கள், இன்ச்சுக்கு சுமார் 109 கிடைக்கும். பேனல் ஐபிஎஸ் ஆக இருக்கட்டும், பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது.

இணைத்த பிறகு, திரையின் இயல்பான ரெசல்யூஷனில் அமைந்திருக்கிறதா என்று முதலில் சரிபார்க்க வேண்டும். எழுத்து சின்னதாக இருக்கிறது என்று ரெசல்யூஷனைக் குறைப்பவர்கள் அதிகம், அப்படிச் செய்தால் எல்லாமே மங்கும். ரெசல்யூஷனைத் தொடாமல் எழுத்தைப் பெரிதாக்கும் ஸ்கேலிங்கை 125 சதவீதம், 150 சதவீதம் என்று ஏற்றுவதுதான் சரி. தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் கேபிளை அந்தக் கார்டில் செருகுங்கள். மதர்போர்டில் செருகினால் சில கம்ப்யூட்டரில் படமே வராது, வந்தாலும் கார்டு சும்மா இருக்கும். 4கே திரையில் மவுஸ் இழுபடுகிற மாதிரித் தோன்றினால் கேபிளையும் போர்ட்டையும் பாருங்கள். எச்டிஎம்ஐ 1.4-இல் 4கே நொடிக்கு 30 படம்தான், 60 வேண்டும் என்றால் 2.0 அல்லது டிஸ்பிளேபோர்ட். யூஎஸ்பி-சி ஓட்டை இருக்கிறது என்பதற்காக அதில் படம் வரும் என்று நம்பி மானிட்டர் வாங்கிவிடாதீர்கள், எல்லா யூஎஸ்பி-சி போர்ட்டும் படம் அனுப்பாது, லேப்டாப்பின் விவரப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். டிவியை மானிட்டராக வைத்து ஓரங்கள் வெட்டுப்பட்டால் டிவியின் பட அமைப்பில் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஒன் டு ஒன்' என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

திரையின் மேல் விளிம்பு கண்மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே, தூரம் கை நீட்டினால் தொடும் அளவு. வெளிச்சம் சரியா என்று தெரிய ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள், திரையின் வெள்ளை அதைவிடப் பளீரென்று விளக்கு மாதிரி அடித்தால் குறைத்துவிடுங்கள்.

புரொஜெக்டரில் கறுப்பு என்று ஒரு நிறம் கிடையாது. வெளிச்சம் விழாத இடத்தில் சுவரின் நிறம்தான் கறுப்பு. அறையில் விளக்கு எரியும்போது கறுப்புப் பின்னணி சாம்பலாகத்தான் தெரியும், எனவே வெளிச்சமான அறைக்கு வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து. வாங்குமுன் த்ரோ ரேஷியோ (புரொஜெக்டர் இருக்கும் தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தது) பாருங்கள்: 1.5 என்றால் 2 மீட்டர் அகலப் படத்துக்கு 3 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும், அறையில் அந்த இடம் இருக்கிறதா? படம் சாய்ந்திருந்தால் கீஸ்டோனை ஏற்றுவதற்கு முன் புரொஜெக்டரையே நேராக வையுங்கள், கீஸ்டோன் பிக்சல்களை வெட்டித்தான் படத்தை நேராக்குகிறது. பேசுவதற்கு முன் விண்டோஸ் கீயோடு பி-யை அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' வைத்தால் உங்கள் குறிப்புகள் உங்கள் திரையில் மட்டும் இருக்கும், சபைக்குத் தெரியாது.

பிரின்டர்

வாரத்தில் சில நாள் மட்டும், அதுவும் பெரும்பாலும் எழுத்துதான் என்றால் கறுப்பு லேசர், வேறு யோசனையே வேண்டாம். டோனர் பொடி, மாதக்கணக்கில் சும்மா கிடந்தாலும் காயாது. இங்க்ஜெட்டில் முடியைவிட மெல்லிய துளைகள் வழியாகத் திரவ மை வர வேண்டும், பயன்படுத்தாமல் விட்டால் அடைத்துக்கொள்ளும். வண்ணமும் போட்டோவும் வேண்டும் என்பதால் இங்க்ஜெட்தான் என்றால் வாரம் ஒரு வண்ணப் பக்கமாவது எடுங்கள். அடைத்துவிட்டதா? நாஸில் செக் (எந்தத் துளை அடைத்திருக்கிறது என்று காட்டும் சோதனைப் பக்கம்) எடுத்துப் பார்த்து, ஒன்றிரண்டு முறை சுத்தம் செய்து, சில மணி நேரம் விட்டுவிட்டு மறுபடி பாருங்கள். விடாமல் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்தால் மைதான் வீணாகும், அத்தனையும் உள்ளே இருக்கும் கழிவுப் பஞ்சில் போய்ச் சேரும்.

விலையை ஒப்பிடும்போது பிரின்டரின் விலையை மட்டும் பார்க்காதீர்கள், கார்ட்ரிட்ஜ் விலையை அது தரும் பக்கங்களால் வகுங்கள். டோனரில் போட்டிருக்கும் பக்க எண்ணிக்கை பக்கத்தின் சுமார் 5 சதவீதப் பரப்பில் மட்டும் மை படியும் மாதிரிப் பக்கத்துக்கானது. கட்டம் போட்ட அட்டவணை, தடித்த தலைப்பு, லோகோ என்று அடித்தால் அது குறையும். பிரின்டரோடு வரும் முதல் கார்ட்ரிட்ஜ் பல சமயம் முழு அளவில் நிரப்பப்பட்டிருக்காது.

கார்பன் நகலுக்கு ஊசியால் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் மட்டுமே வழி. ரசீது அடிக்கும் தெர்மல் பிரின்டரில் மையே இல்லை, தாள் சூட்டில் கறுக்கிறது. வெயிலிலும் சூட்டிலும் அந்த எழுத்து மங்கிவிடும், வைத்திருக்க வேண்டிய ரசீதை அன்றே ஸ்கேன் செய்துவிடுங்கள்.

லேசர் பிரின்டில் ஒரே மாதிரிப் புள்ளி சம தூரத்தில் திரும்பத் திரும்ப வந்தால் ஸ்கேலை வைத்து அந்தத் தூரத்தை அளங்கள். உள்ளே சுழலும் ஏதோ ஒரு உருளையின் சுற்றளவு அது. எந்த உருளைக்கு எவ்வளவு என்று அந்த மாடலின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும், டிரம்மா, சூட்டு உருளையா என்று தெரிந்துகொண்டு அதை மட்டும் மாற்றலாம். தாள் சிக்கிக்கொண்டே இருந்தால் முதலில் தாளைச் சந்தேகப்படுங்கள். ஈரம் ஏறிய தாள்தான் அதிகம் சிக்கும். கட்டைப் பிரித்தால் மீதியை உறையிலேயே மூடி வையுங்கள், தட்டில் வைக்கும்முன் விசிறி விடுங்கள்.

வைபை பிரின்டர் அடிக்கடி 'ஆஃப்லைன்' காட்டினால், ரவுட்டர் அதற்கு ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்ணை) மாற்றிக் கொடுத்திருக்கலாம். ரவுட்டர் அமைப்பில் போய் அந்தப் பிரின்டருக்கு ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டு, கம்ப்யூட்டரிலும் அதே முகவரியில் பிரின்டரைச் சேர்த்துவிடுங்கள். படிவம், லேபிள் அடிக்கும்போது 'ஃபிட்' என்பதை விட்டு 'ஆக்சுவல் சைஸ்' தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் கட்டங்கள் சில மில்லிமீட்டர் தள்ளி விழும்.

எந்தக் கருவியாக இருந்தாலும் வேலை செய்யவில்லை என்றால் டிரைவரை அழித்துப் போடுவதிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். முதலில் கேபிளை மாற்றுங்கள், அப்புறம் போர்ட்டை, நடுவில் ஹப் இருந்தால் அதை எடுத்துவிட்டு நேரடியாகச் செருகுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் வேறொரு கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள். அங்கே வேலை செய்தால் மட்டும் டிரைவர் பக்கம் போங்கள். அங்கேயும் செய்யவில்லையென்றால் பழுது கருவியில்தான், உத்தரவாதக் காலம் முடிவதற்குள் பில்லோடு கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.